‘ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா’ என்று வருகிறவர் முன்னால் எப்படி உட்கார்வது?

கேள்வி: தென் மாவட்டச் சேகரம் ஒன்றில் குருவானவராக இருக்கிறேன். அபிஷேகம் பெற்று மூன்றாவது வருடம், பொறுப்பில் ஏழு சபைகள். ஒரு அம்மா மூன்று முறை குருமனைக்கு வந்து, “பையனுக்கு வேலை அமையணும், ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா” என்றார்கள். மூன்று முறையும் வசனம் சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். கணவர் அவர்களை அடிக்கிறார் என்பது பிறகு கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் வந்தபோதெல்லாம் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக்காக அப்படி இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஒரு பயிற்சி முகாமில், கையைக் கட்டிக்கொண்டால் மனம் மூடியிருக்கிறது, கண்ணைத் தாழ்த்தினால் எதையோ மறைக்கிறார், பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்றெல்லாம் சொன்னார்கள். உடல்மொழியைப் படிக்க எப்படிப் பழகுவது? பெண்கள் தனியாக வரும்போது எப்படி உட்கார்வது? அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் இப்போது போகலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தக் கணவரிடம் இதுபற்றி நீங்கள் இன்னும் பேசவில்லை என்றால், பேசாதீர்கள். கோயில்பிள்ளையிடமும் இது வேறு யார் காதுக்கும் போகக்கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் அந்த 93 சதவீதத்தை ஓரம்கட்டுவோம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. ஒருவருடைய சொல் ஒன்றாகவும் தொனியும் முகமும் வேறாகவும் இருந்தால், அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. பேச்சு முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போடக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் முகாம்தோறும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலோசனைக்கு வருகிறவரின் சொல் வெறும் 7 சதவீதம் என்று நம்புகிறவர் அந்தச் சொல்லைக் கவனிக்க மாட்டார். அதுதான் இதிலுள்ள உண்மையான கேடு.

கையைக் கட்டியிருந்தால் மனம் மூடியிருக்கிறது என்பதும் அப்படித்தான். கையைக் கட்டியவருக்கு வயிற்று வலி இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் அறுபது வயதிலும் விடாமல் இருக்கலாம். குருவானவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது நம் ஊர்களில், முக்கியமாகப் பெண்களிடமும் முதியவர்களிடமும், சாதாரணம். மருந்து மாத்திரைகளால் கை நடுங்கும். பார்க்கின்சன் நோய் முகத்தை அசைவில்லாமல் ஆக்கும். நீண்ட நாள் மனச்சோர்வும் அப்படியே செய்யும். ஒரு அசைவுக்கு ஒரு பொருள் என்று அகராதி போட்டுக்கொண்டால், அது பெரும்பாலும் தப்பான பக்கத்தையே திறந்து காட்டும்.

இதற்கு உங்கள் கையிலிருக்கிற வேதத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் ஆசாரியரான ஏலி, ஜெபித்துக்கொண்டிருக்கிற அன்னாளின் வாயைக் கவனித்துப் பார்க்கிறார். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. அவர் பார்த்தது சரி. அதிலிருந்து ‘குடித்திருக்கிறாள்’ என்ற முடிவுக்குப் போனதுதான் தப்பு. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் கண்டிக்கவும் செய்துவிட்டார். அன்னாள், “நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ” என்று தானே எடுத்துச் சொன்னதால் அந்தச் சந்திப்பு பிழைத்தது. நம்மிடம் வருகிற பலர் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள்.

ஆகவே, நீங்கள் மரியாதை என்று நினைத்ததும் தவறில்லை, முகாமில் சொன்னபடி ‘மறைக்கிறார்’ என்று நினைத்திருந்தாலும் பாதி உண்மையாக இருந்திருக்கும். இரண்டுமே ஊகம்தான். எதைப் பார்த்தாலும் அதைக் கேள்வியாக வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் உடலை.

அவர் உங்களைப் படிக்கிறார்

குருமனை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருகிறவர் உங்களைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார். நீங்கள் கையில் போனோடு நிற்கிறீர்களா, வராந்தாவில் அடுத்து யார் காத்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறீர்களா, வேதாகமம் ஏற்கெனவே விரித்து வைத்திருக்கிறதா என்றெல்லாம் கவனிக்கிறார். ‘ஐயாவுக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு’ என்று தெரிந்தால், அஞ்சு நிமிடத்துக்கு ஏற்ற விஷயத்தைத்தான் எடுப்பார். பையன் வேலைக்கு ஜெபம் என்பது அஞ்சு நிமிடத்துக்குப் பொருத்தமான விஷயம்.

இடத்தைச் சரிசெய்வது எளிது. ஒரே உயரமுள்ள இரண்டு நாற்காலி போதும். நடுவில் மேஜை வேண்டாம். மேஜைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்தால் அது ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க வருகிற இடம். முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே மூன்றிலிருந்து நான்கு அடி, தனியாக வந்த பெண் என்றால் இன்னும் ஓர் அடி கூட விடலாம். நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்வாக, ‘ட’ எழுத்தின் இரண்டு கோடுகளைப்போலப் போடுங்கள். அமெரிக்கப் பாடங்களில் நேராக எதிரே உட்கார், முன்னால் சாய், கண்ணோடு கண் பார் என்று வரும். நம் ஊரில் நேர் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பது விசாரணை. சாய்வாக உட்கார்ந்தால் அவர் உங்களைப் பார்க்கவும் முடியும், பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசவும் முடியும். கடினமான விஷயத்தை மனிதர்கள் பெரும்பாலும் எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. வெளிச்சத்தில் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும், அவரால் அதைப் படிக்க முடியாது. சுவர்க் கடிகாரம் அவருக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், அவர் எழுந்துவிடுவார். போனைக் கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறையில் வைத்துவிடுங்கள். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சத்தத்தில் தாழ்ந்த குரல் கேட்காது, “என்னம்மா, சத்தமாச் சொல்லுங்க” என்பீர்கள், அத்தோடு முடிந்தது.

நாற்காலியை அவர் வருவதற்கு முன்பே போட்டு வையுங்கள். சிறு விஷயமாகத் தெரியும், ஆனால் தலைமுறை தலைமுறையாக நிற்கவைக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வருகிறவருக்கு அது சிறு விஷயமில்லை. வந்த பிறகு “உக்காருங்க, உக்காருங்க” என்று வற்புறுத்துவது வேறு, தனக்கென்று ஏற்கெனவே ஒரு நாற்காலி போட்டிருப்பது வேறு. அப்படியும் தரையில்தான் உட்காருவேன் என்கிற முதியவர் உண்டு. ஒருமுறைக்கு மேல் வற்புறுத்தாமல், ஒரு பாயை எடுத்துப் போட்டு நீங்களும் கீழே உட்கார்ந்துவிடுங்கள்.

பெண்கள் தனியாக வரும்போது என்று கேட்டிருந்தீர்கள். விதி ஒன்றுதான். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும், பேசுவது கேட்கக்கூடாது. கதவு பாதி திறந்திருக்கட்டும், உங்கள் மனைவியோ சபை ஊழியர் ஒருவரோ கண்பார்வைக்குள், காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கதவுக்குப் பக்கமுள்ள நாற்காலியை வருகிறவருக்குக் கொடுங்கள், எழுந்து போகிற வழியை நீங்கள் அடைத்து உட்காரக்கூடாது. இருட்டிய பிறகு சந்திப்பு வேண்டாம். ஆனால் பாதுகாப்பு என்று சொல்லி உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். இரண்டு பேர் முன்னால் சொல்வது வேறு விஷயமாகிவிடும். ‘ஐயாவைவிட அம்மாகிட்ட சொல்றேன்’ என்று அவரே கேட்டால் அது வேறு.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கைகொடுக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சை அங்கேயே கேட்க முயலாதீர்கள். “இதை நின்னுக்கிட்டுக் கேக்கக்கூடாதும்மா. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரமுடியுமா?” என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். “அப்புறம் பாப்போம்” என்றால் அவர் வரமாட்டார்.

மூன்று நிமிடத்தில் என்ன நடக்கிறது

உங்களிடம் நடந்தது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா ஜெபம் கேட்கிறார். “பையன் என்னம்மா படிச்சிருக்கான்? எங்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டிருக்கான்? வயசென்ன?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்கிறார். “கர்த்தர் ஏற்ற காலத்தில் செய்வார்.” ஜெபம். ஸ்தோத்திரம். போய்விட்டார். அக்கறையோடு கேட்ட கேள்விகள்தான், ஆனால் எல்லாமே விவரக் கேள்விகள். விவரம் கேட்டால் விவரம் வரும். மனதில் இருப்பது வராது.

அதே பேச்சை இப்படிக் கொண்டுபோகலாம்.

“ஐயா, பையனுக்கு வேலை அமையணும். ஒரு ஜெபம் பண்ணுங்க.”

“கண்டிப்பாப் பண்ணுவோம்மா. அதுக்கு முன்னால கொஞ்சம் சொல்லுங்க. பையன் வேலையில்லாம இருக்கிறது வீட்டுல எப்படிப் போயிட்டிருக்கு?”

“எப்படிப் போகும் ஐயா. சத்தமாத்தான் இருக்கு.”

“சத்தமா...”

“அவுகளுக்குக் கோவம் வரும்லா.”

இந்த இடத்தில் நம் வாயில் மூன்று வாக்கியம் வந்து நிற்கும். “அப்பான்னா கோவம் வரத்தான் செய்யும்” என்று ஒன்று. “நீங்கதான் பொறுமையா இருக்கணும்” என்று இன்னொன்று. கோபத்தைப் பற்றி ஒரு வசனம் மூன்றாவது. மூன்றையும் விழுங்கிவிட்டு, “கோவம் வந்தா என்ன நடக்கும்மா?” என்று கேளுங்கள்.

அவர் முந்தானை நுனியைச் சுருட்டுகிறார், கதவைப் பார்க்கிறார், பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள். மூன்று முறை மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், பத்துப் பதினைந்து வினாடி ஆகும். உங்களுக்கு ஒரு நிமிடம்போலத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றாது, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் பிறகும் பேச்சு வரவில்லை என்றால், “சொல்றதுக்குக் கஷ்டமா இருந்தா இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. நான் இங்கதான் இருக்கேன்” என்றால் போதும். பலர் அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் பேசத் தொடங்குவார்கள்.

நீங்கள் இதில் செய்தது என்ன? ஜெபத்தை மறுக்கவில்லை, தள்ளி வைத்தீர்கள். ‘எப்படி’, ‘என்ன’ என்று கேட்டீர்கள். ‘ஏன்’ என்று கேட்கவில்லை. “ஏன் இவ்வளவு நாள் சொல்லல?” என்பது நம் மொழியில் கேள்வியாக வராது, குற்றச்சாட்டாகத்தான் வரும். அவர் சொன்ன கடைசிச் சொல்லை அவருடைய தொனியிலேயே திருப்பிச் சொன்னீர்கள். இதை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொன்னால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

கொஞ்சம் பேசிய பிறகு, கேட்டதைத் தொகுத்துச் சொல்லுங்கள். “அடி விழுறதைவிட, பையன் முன்னாலயே விழுதேங்கறதுதான் அதிகமா வலிக்குதுன்னு எனக்குப் படுது. சரியா?” என்பதுபோல. அந்த ‘சரியா’வை விட்டுவிடாதீர்கள். “இல்ல ஐயா, அது இல்ல” என்று அவர் உங்களைத் திருத்தினால் சந்திப்பு நன்றாகப் போகிறது என்று பொருள். குருவானவரைத் திருத்துகிற தைரியம் அவருக்கு வந்திருக்கிறது.

‘ம்’ கொட்டுவதிலும் கணக்கு இருக்கிறது. அவர் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு ‘ம்’ போதும். வேகமாகத் தொடர்ந்து ‘ம், ம், ம்’ என்றால் சீக்கிரம் முடி என்று கேட்கும். “ஆமென்”, “ஸ்தோத்திரம்” என்று இடையிடையே சொல்கிற பழக்கம் பலருக்கு உண்டு. கணவன் அடித்ததைச் சொல்லும்போது ஒரு “ஸ்தோத்திரம்” விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றத்தைப் பாருங்கள்

இப்போது அவருடைய உடல். முதல் ஐந்து நிமிடம் சாதாரணப் பேச்சு பேசும்போது அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், குரல் எந்த அளவில் இருக்கிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது அவருடைய வழக்கமான நிலை. தலைகுனிந்திருப்பதே வழக்கம் என்றால், தலைகுனிவு உங்களுக்கு எதையும் சொல்லாது. அதில் ஏற்படுகிற மாற்றம்தான் சொல்லும்.

எந்தச் சொல்லில் மாறியது என்பதுதான் முக்கியம். மகளைப் பற்றிச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் ‘மாப்பிள்ளை’ என்றதும் எச்சில் விழுங்கி நிறுத்துகிறார். துக்கமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். “எல்லாம் கர்த்தர் சித்தம்” என்கிறார், தோள் இறங்கவில்லை, விரல்கள் இறுகியே இருக்கின்றன. வாசல் பக்கம் கண் அடிக்கடி போகிறது. இப்படி இரண்டு மூன்று ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்ததை அப்படியே முகத்தில் அறைந்ததுபோலச் சொல்லக்கூடாது. “கை ஏன் நடுங்குது?” என்றால் அவர் கையை மறைத்துக்கொள்வார், பேச்சையும் சேர்த்து மறைப்பார். உடலைச் சொல்லாமல் பேச்சைச் சொல்லுங்கள்: “மாப்பிள்ளைன்னு சொன்னப்ப கொஞ்சம் நிறுத்திட்டீங்க.” அவ்வளவுதான், கேள்விக்குறிகூட வேண்டாம். அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார். “ஒண்ணுமில்ல ஐயா” என்றால் விட்டுவிடுங்கள். அந்த வாசல் அங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, அடுத்த முறை அவரே திறக்கலாம்.

அழுகை வந்தால் உடனே தண்ணீர் கொடுக்காதீர்கள், உடனே ஜெபிக்கவும் செய்யாதீர்கள். இரண்டும் ‘நிறுத்து’ என்பதன் நாகரிகமான வடிவங்கள். தண்ணீரும் துடைக்கத் துணியும் முன்பே எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும், வேண்டியபோது அவரே எடுத்துக்கொள்வார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் ஊழியம் கெட்டது.

தொடுதலிலும் கவனம் வேண்டும். தலையில் கைவைத்து ஜெபிப்பது நம் சபைகளில் வழக்கம், முதியவர்கள் அதை எதிர்பார்த்துத் தலையைக் குனிவார்கள். அடிபட்ட பெண்ணுக்கும், தப்பான தொடுதலுக்கு ஆளான பிள்ளைக்கும், கண்ணை மூடியிருக்கும்போது தலைக்கு மேல் ஓர் ஆணின் கை வருவது வேறு எதையோ நினைவுபடுத்தும். “கைவைச்சு ஜெபிக்கவா, அப்படியே ஜெபிக்கவா?” என்று கேட்டுவிடுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அப்படியே ஜெபிப்பது நல்லது.

ஜெபத்தில் செய்கிற தவறு

ஜெபத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு முன்னால், “இப்ப எதுக்காக ஜெபிக்கட்டும்மா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். அரைமணி நேரத்துக்கு முன் ‘பையன் வேலை’ என்றவர், இப்போது வேறொன்றைச் சொல்வார். அதை அவர் பயன்படுத்திய சொற்களிலேயே ஜெபியுங்கள். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். “ஆண்டவரே, இந்த மகளுக்குப் பொறுமையைத் தாரும், கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்” என்று ஜெபித்தால், கடவுளிடம் பேசுகிற சாக்கில் அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணை மூடியிருப்பதால் அவரால் மறுத்துப் பேசவும் முடியாது. ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் கண்ணைத் திறந்து முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விண்ணப்ப ஜெபத்தில் “ஒரு குடும்பத்தில் சமாதானம் இல்லை” என்று பெயர் சொல்லாமல் சேர்ப்பதும் வேண்டாம். ஐம்பது குடும்பம் உள்ள சபையில் அது யார் வீடு என்று ஆராதனை முடிவதற்குள் தெரிந்துவிடும். பிரசங்கத்தில் உதாரணமாகவும் வேண்டாம்.

நேரமும் வாசல்படியும்

முதலிலேயே “நமக்கு முக்கால் மணிநேரம் இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நினைவுபடுத்துங்கள். நேரம் தெரிந்தால்தான் எதை எப்போது சொல்வது என்று அவர் முடிவு செய்வார். உண்மையான விஷயம் கடைசிப் பத்து நிமிடத்தில், சிலசமயம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நிற்கும்போது வரும். அதற்காக மறுபடி உள்ளே கூப்பிட்டு இன்னொரு மணிநேரம் உட்காரவேண்டியதில்லை. “இது முக்கியமானதும்மா. வியாழக்கிழமை இதுலருந்தே ஆரம்பிப்போம்” என்றால் போதும்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் அங்கேயே நின்று கேட்க வேண்டும். “இருந்து என்ன பிரயோஜனம்” என்றோ “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்றோ ஒருவர் சொன்னால், நேராகக் கேளுங்கள்: “செத்துரலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவர் கேட்டாரே என்று பலருக்கு மூச்சு வரும். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது, அதற்கானது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராமத்தில் அது பெரும்பாலும் பூச்சிமருந்து. அவர் நம்புகிற ஒருவரைக்கொண்டு அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். அவரைத் தனியாக அனுப்பாமல், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போக ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். ‘தற்கொலை பாவம்’ என்ற பிரசங்கத்துக்கு இது நேரமில்லை.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். “உயிருக்கு ஆபத்தோ, ஒரு பிள்ளைக்குத் தீங்கோ இருந்தா மட்டும் நான் உதவி கேட்டாகணும். மத்ததெல்லாம் இங்கயே இருக்கும்” என்று முதலிலேயே சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவின்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமலிருப்பது தண்டனைக்குரிய குற்றம். குருவானவர் என்பதற்காகச் சட்டத்தில் விலக்கு இல்லை. சபைக்குள் கமிட்டியை வைத்துப் பேசி முடித்துக்கொள்கிற விஷயமில்லை அது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வீடு சந்திப்பும் ஆஸ்பத்திரியும்

வீடு சந்திப்பில் இந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. டிவி ஓடும், மாமியார் வாசலில் உட்கார்ந்திருப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்கும். அங்கே ஆழமான பேச்சை இழுக்காதீர்கள். தேநீரைக் குடித்து, எல்லாரிடமும் பேசி, ஜெபித்துவிட்டு வாருங்கள். வழியனுப்ப வருகிறவரோடு தெருமுனைவரை நடக்கிற இரண்டு நிமிடம் உள்ளே இருந்த அரைமணி நேரத்தைவிட உதவும். பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? ஆஸ்பத்திரியில் கட்டில் காலடியில் நின்று பேசாமல், ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கண்மட்டத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள்.

பழகுவதற்கு

1925-ல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பழகவைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பயிற்சி மரபில் பிறகு ரசல் டிக்ஸ் கொண்டுவந்த ஒரு முறை இன்றும் பயன்படுகிறது. சந்திப்பு முடிந்த கையோடு, நினைவிலிருந்து பேச்சை நாடக வசனம்போல எழுதுவது. ஒலிப்பதிவு வேண்டாம், எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுக்கவும் வேண்டாம்.

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலாவதில் அவர் சொன்னது, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அப்போது எனக்குள் என்ன நடந்தது. பெயர், ஊர் எழுதாதீர்கள். முழுச் சந்திப்பும் வேண்டாம், மனதில் உறுத்துகிற ஐந்து நிமிடம் போதும். பயன் மூன்றாவது பத்தியில்தான் இருக்கிறது. ‘இங்கே எனக்குப் பயமாக இருந்தது, வசனத்துக்குப் போய்விட்டேன்.’ ‘இங்கே மணி ஐந்து, கமிட்டி ஞாபகம் வந்தது.’ பத்துப் பதினைந்து தாள் சேர்ந்ததும் ஒரு வழித்தடம் தெரியும். ஒருவர் பணப் பேச்சு வந்தால் அறிவுரைக்கு ஓடுவார். இன்னொருவர் அழுகையைக் கண்டால் ஜெபத்துக்கு ஓடுவார். எங்கே ஓடுகிறோம் என்று தெரிந்தால், ஓடுவதற்கு முந்தின நொடியில் கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு மூச்சு விட்டு, இருந்த இடத்தில் இருக்கலாம். பக்கத்துச் சேகரத்துக் குருவானவர்கள் மூன்று பேர் மாதம் ஒருமுறை கூடி இந்தத் தாள்களைப் படித்தால் இன்னும் நல்லது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் வீடு

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். வழக்கத்துக்கு மாறாக ஐயா வீடேறி வந்தால், ‘நீ என்ன சொன்னே?’ என்ற கேள்வி அன்றைக்கு ராத்திரி அவர்மேல்தான் விழும். கணவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கவோ, இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமரசம் பேசவோ இப்போது முயல வேண்டாம். அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அடிபடுகிறவரால் உண்மை பேச முடியாது. பேசினால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கு விலை கொடுப்பார்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலோ கோயிலிலோ வழக்கம்போலப் பார்க்கும்போது, பையன் வேலையையே பிடித்துக்கொள்ளுங்கள். “பையனுக்காக ஜெபிச்சுக்கிட்டிருக்கேன்மா. அன்னைக்கு நான்தான் அவசரமா முடிச்சிட்டேன். வசதிப்பட்டா புதன்கிழமை வாங்க, நிதானமாப் பேசுவோம். எங்க வீட்டு அம்மாகிட்டப் பேசினாலும் சரிதான்.” கோயில்பிள்ளை சொன்னதைச் சொல்லாதீர்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்தால் குருமனை வாசலை மிதிக்க மாட்டார்.

வந்து சொன்னால், நம்புங்கள், நம்புவதாகச் சொல்லுங்கள். “இது உங்க தப்பில்ல” என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று கேளுங்கள். கழுத்தை நெரித்ததுண்டா, கத்தியோ அரிவாளோ எடுத்ததுண்டா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதையும் சொல்லுங்கள். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மனுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக உதவுவது அந்த அலுவலரின் வேலை. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் யார் கையிலாவது சிக்கும். மூன்றே இலக்கம்தான், வாயால் சொல்லி மனப்பாடம் ஆக்குங்கள். புகார் கொடுப்பதா, பிறந்த வீட்டுக்குப் போவதா, இப்போதைக்கு அங்கேயே இருப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்கள் நினைத்ததை அவர் செய்யவில்லை என்பதற்காக முகம் வாடிவிட வேண்டாம், அதையும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

வரவில்லை என்றால், மூன்று வாரம் கழித்து அதே தொனியில் இன்னொரு முறை கூப்பிடுங்கள். அப்போதும் பையன் வேலைக்கு ஜெபம் என்றுதான் வருவார். “கண்டிப்பாப் பண்ணுவோம்மா, அதுக்கு முன்னால கொஞ்சம் சொல்லுங்க” என்று நாற்காலியைக் காட்டுங்கள்.